மரியாதைக் குறைவுக்கு ஐந்து இங்கிலீஷ் வார்த்தைகள்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவனை நிம்மதியாக இருக்க விடக்கூடாது என்று ஆம்பூரில் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்களோ என்னவோ. போன வாரம் ஜெயராமன் வந்தான். நான் முப்பது வருஷம் தேய்த்த ரைட்டர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான். கையில் அச்சடித்த தாள் ஒன்று. தோல் பதனிடும் எங்கள் டேனரியில் இனிமேல் நடத்தைப் புத்தகம் கிடையாதாம், இந்தப் பாரம்தானாம். வேலையாள் யாராவது மரியாதைக் குறைவாக நடந்துகொண்டால் அவன் பெயரை எழுதி, கீழே அச்சடித்திருக்கும் ஐந்து இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்றுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட வேண்டியதாம்.

“இந்த அஞ்சுக்கும் இன்னா சார் வித்தியாசம்? டிக்‌ஷனரில பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் போட்டிருக்கு” என்றான்.

வாங்கிப் பார்த்தேன். அன்சிவில், ரூட், இம்பர்டினன்ட், இன்ஸொலன்ட், இன்ஸபார்டினேட். அதே ஐந்து. வரிசைகூட மாறவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். அடுத்தவன் தாள் ஆயிற்றே என்று மடித்துக் கொடுத்தேன். “எழுதியே தர்றேன், ஒரு வாரம் கழிச்சு வா” என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்தால் வார்த்தைகளுக்கு அர்த்தம் வரவில்லை, ஏழுமலைதான் வருகிறான். ஆகவே ஜெயராமன் கேட்டது ஒன்று, அவனுக்குக் கிடைக்கப் போவது வேறொன்று.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். வேலூரில் மெட்ரிகுலேஷன் வரை படித்தேன். ராணிப்பேட்டையில் ஒரு மண்டியில் இரண்டு வருஷம் கடிதங்களுக்கு நகல் எடுத்துக் கையெழுத்தை அழகாக்கிக்கொண்டேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஆம்பூரில் வெள்ளைக்காரக் கம்பெனி டேனரி ஒன்றில் என்னை ரைட்டராக எடுத்தார்கள். பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்த சங்கதிகளைத்தான் எழுதுகிறேன்.

மேனேஜர் துரையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் என் பெயரைச் சொன்னதில்லை. சரிக்குச் சரியாகப் போகட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெயர் என்ன என்று கேட்டார். ஜலகண்டேஸ்வரன் என்றேன். வேலூர்க் கோட்டைக் கோயில் சாமியின் பெயர் அது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேஜைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் காலை “குட் மார்னிங், நாயுடு” என்றார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு நாயுடு. வேலையை விட்டுச் சித்தூர்ப் பக்கம் போய்விட்டார். சரி, துரைக்கு வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாய் பதினோரு வருஷம் தவறிக்கொண்டே இருந்தது.

அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. கெட்ட வார்த்தை என்பது அவர் வாயிலேயே கிடையாது. நாய்க்குட்டியிடம்கூட “ப்ளீஸ்” போட்டுத்தான் பேசுவார். ஆனால் நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். தங்கச் சங்கிலி கோத்த கடிகாரத்தைத் திறந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பாதி வாக்கியத்தில் “தேங்க் யூ, நாயுடு” என்பார். வெளியே போ என்பதற்கு அவருடைய இங்கிலீஷ் அது. அவர் சொன்ன அந்த ஒவ்வொரு நன்றிக்கும் நான் வெளியே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவருடைய நடத்தைப் புத்தகத்துக்கு வருகிறேன். துரை சீமையில் இளவயதில் தோல் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். தரம் பிரிக்கும் மேஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலை விரித்து, கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவி, வெளிச்சத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஒன்றாம் தரமோ ஐந்தாம் தரமோ, வால் பக்கம் முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டு அடுத்த தோலை இழுப்பார்கள். ஆளையும் அப்படித் தரம் பிரித்துவிடலாம் என்று துரைக்கு ஒரு நம்பிக்கை. அதற்குத்தான் அந்த ஐந்து வார்த்தைகள்.

சலாம் வைக்காவிட்டால் அன்சிவில். கூப்பிட்டுக் கண்டித்து அனுப்புவார்கள். கரடுமுரடாகப் பேசினால் ரூட், அரை நாள் வீட்டுக்கு. தன் அந்தஸ்துக்கு மீறி எதிர்க்கேள்வி கேட்டால் இம்பர்டினன்ட், ஒரு நாள் வீட்டுக்கு. மேலே உள்ளவர்களை முகத்தாலோ உடம்பாலோ அலட்சியம் செய்தால் இன்ஸொலன்ட். அவனுக்கு வாரக் கடைசியில் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சொன்ன வேலையைச் செய்யமாட்டேன் என்றால் இன்ஸபார்டினேட். அவன் அந்த நிமிஷமே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

புகார் வந்தால் ரைட்டர் அந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும். இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும். திரும்பி வந்து புத்தகத்தில் ஆளின் பெயர், பகுதி, ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். காலை பத்து மணிக்குத் துரை சிவப்புப் பென்சிலோடு புத்தகத்தைத் திறப்பார். அந்த வார்த்தையை மட்டும் படிப்பார், ஒரு கோடு போடுவார். நடந்ததை இரண்டு வரி சேர்த்து எழுதட்டுமா என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன். “ஒரு தோலில் இரண்டு முத்திரை குத்துவாயா, நாயுடு?” என்றார்.

இந்த வார்த்தைகளோடு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? நம் பாஷையில் மரியாதையும் அவமரியாதையும் வார்த்தையின் வாலில் இருக்கின்றன. வா, வாய்யா, வாங்க, வாடா. உருது பேசுகிறவர்களுக்கும் தூ, தும், ஆப் என்று மூன்று படிகள் உண்டு. ஒருவன் இன்னொருவனை என்ன நினைக்கிறான் என்பது அந்த வாலிலேயே தெரிந்துபோகும். இங்கிலீஷில் வால் கிடையாது. ஒரு தடவை ஒருவன், தன்னைவிடச் சின்னவன் தன்னை ‘வாடா’ என்று கூப்பிட்டதாக அழாத குறையாகப் புகார் சொன்னான். துரையிடம் போய், “அவன் இவனை ‘கம்’ என்று சொல்லிவிட்டான், சார்” என்றேன். “இவன் வந்தானா?” என்று கேட்டார். வந்தான் என்றேன். “பிறகென்ன? தேங்க் யூ, நாயுடு.”

இன்னொருவன் துரைக்கு இடது கையால் சலாம் வைத்தான். வலது தோளில் ஒரு கட்டு ஈரத்தோல், அதை வலது கையால் பிடித்திருந்தான். கட்டைக் கீழே போட்டுவிட்டு வைத்தால் தோலில் மண் ஒட்டும், வைக்காமல் போனால் அன்சிவில். இடது கையால் வைத்ததற்கு ரூட் என்று எழுதச் சொன்னார் துரை. தோலைக் கீழே போட்டிருந்தால் என்ன வார்த்தை என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை தயாராக இருந்திருக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இதெல்லாம் கீழே உள்ளவர்களுக்கு. மேலே உள்ளவர்களுக்கு வேறு அகராதி. துரைக்கு உதவியாகச் சீமையிலிருந்து வந்திருந்த சின்னத் துரை, ஒருநாள் கோபத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும் தோலை எடுத்து ஒரு வேலையாளின் முகத்தில் அடித்துவிட்டார். அவனுக்குக் கண் இரண்டு நாள் திறக்கவில்லை. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், சின்னத் துரைக்கு எந்த வார்த்தை எழுதட்டும் என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். துரை கடிகாரத்தைப் பார்த்தபடி, “அவர் கொஞ்சம் ஹேஸ்டி” என்றார். அவசரக்காரராம். அந்த வார்த்தையைப் புத்தகத்தில் எழுதட்டுமா என்றேன். தேங்க் யூ சொல்லிவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் என் சம்சாரம், “சோறு மேல இன்னா கோவம் ஒங்களுக்கு?” என்று கேட்டாள்.

இனி ஏழுமலை. அவன் பட்டைத் தண்ணீர்க் குழிகளைப் பார்த்துக்கொண்டவன். ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் தோல் பதமாகிறது. அந்தத் தண்ணீரில் சத்து குறைந்தால் தோல் காகிதம் மாதிரி வெளுத்து வரும். கூடினால் மேல்பக்கம் சுருங்கி வெடித்துவிடும். சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேனரியில் இருந்த ஒரே கருவி ஏழுமலையின் நாக்குதான். கொட்டாங்குச்சியில் தண்ணீரை மொண்டு வாயில் ஊற்றிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் இருபது வரை எண்ணுவான். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் விரலைத் தூக்கிக் காட்டுவான். எண்ணி முடித்ததும் ஓரத்துக் கால்வாயில் துப்பிவிட்டு, “ரெண்டு கூட பட்ட போடு” என்றோ “இருக்கட்டும்” என்றோ சொல்வான். குழியில் திருப்பித் துப்பக்கூடாது, தண்ணீர் கெட்டுவிடும். அந்தக் கால்வாய் அதற்காகவே வெட்டியது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அதற்குள் பதினோரு வருஷம் அந்த டேனரியில் இருந்துவிட்டவன் நான். முதல் இரண்டு வருஷம் புகார் வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குழிப்பக்கம் போய் விசாரித்தேன். பிறகு அந்த நாற்றம் தாங்காமல், மேஸ்திரி வந்து சொல்வதைக் கேட்டு நாற்காலியில் இருந்தபடியே எழுத ஆரம்பித்தேன். துரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, லண்டனில் தோல் வாங்குகிற வியாபாரி ஒருவர் தம் சம்சாரத்தோடு டேனரியைச் சுற்றிப் பார்க்க வந்தார். மத்தியானம் கரீம் மேஸ்திரி ஆபீசுக்கு ஓடி வந்தார். மேல்விஷாரத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் வெள்ளைக்காரர் முகம் சுளித்தால் ஓட ஆரம்பித்துவிடுவார்.

“ரைட்டர் சாப், பேஜார் ஆயிடுச்சி. லண்டன் தொர மூணு தபா கேள்வி கேட்டாராம். நம்ம ஏழுமல பதிலே சொல்லல. மொதல்ல வெரலக் காட்டிக்கிறான். ரெண்டாவது தபா கண்ண மூடிக்கிறான். மூணாவது தபா அந்த அம்மா காலாண்ட துப்பிட்டான் சாப். நம்ம தொர மூஞ்சி செவந்துபோச்சி.”

விரல், கண், எச்சில். இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் எழுந்துகூட நிற்கவில்லை. புத்தகத்தை இழுத்து, பெயர் ஏழுமலை, பகுதி பட்டைக்குழி, இன்ஸொலன்ட் என்று எழுதினேன். என் கையெழுத்து அன்று ரொம்ப அழகாக வந்திருந்தது. மறுநாள் பத்து மணிக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. சனிக்கிழமை சீட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தச் சீட்டு என்பது என்ன என்று இந்தக் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு டேனரியை விட்டு இன்னொரு டேனரிக்குப் போகிறவன் முந்தின இடத்துச் சீட்டைக் காட்டினால்தான் வேலை. சீட்டில் இன்ஸொலன்ட் என்று இருந்தால் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தக் கேட்டும் திறக்காது. இங்கிலீஷ் தெரியாத முதலாளிகூட அந்த வார்த்தையின் நீளத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வார். ஏழுமலைக்கு நிலம் கிடையாது, வேறு தொழில் தெரியாது. அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு நாக்கு, அதற்கும் டேனரிக்கு வெளியே வேலை இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். வேலையாட்கள் உள்ளே வரக்கூடாது. நாற்பது வயசு இருக்கும். கையில் ஒரு கொட்டாங்குச்சி.

“எம்பேர்ல இன்னா எழுதிக்கீறீங்க ரைட்டரய்யா?”

சொன்னேன். அர்த்தமும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“நீங்க வந்து பாத்தீங்களா?”

“மேஸ்திரி சொன்னாரு.”

“மேஸ்திரி அங்க இல்ல. அவரு சுண்ணாம்புக் குழியாண்ட இருந்தாரு. அவருக்கு அந்தத் தொர சொன்னாரு. ஒங்களுக்கு இவரு சொன்னாரு. எங்கிட்ட ஒர்த்தரும் கேக்கல.” கொட்டாங்குச்சியை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினான். “இத வாயில ஊத்திக்கோங்க. முழுங்கக் கூடாது. இருவது எண்ணணும்.”

நான் ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. அவன் குரலில் கெஞ்சல் இல்லை, அதனாலாக இருக்கலாம். பழுப்பு நிறத் தண்ணீர். வாயில் ஊற்றிக்கொண்டேன். கடுக்காயை அரைத்து வாய் நிறைய அப்பியதுபோல இருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“ஒங்க பேரு இன்னா?” என்றான்.

நான் அவனையே பார்த்தேன்.

“ஒங்க ஊரு இன்னா?”

என்னை அறியாமல் என் விரல் மேலே போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஒங்களுக்கு எத்தினி புள்ளைங்க?”

பன்னிரண்டோ பதின்மூன்றோ எண்ணியிருப்பேன். அதற்கு மேல் முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். அவன் காலருகே விழுந்தது. அவன் காலைக்கூட நகர்த்தவில்லை.

“அந்தக் கால்வா ஓரந்தான் ஈரமில்லாத எடம். அந்தம்மா பூட்சு நனையக் கூடாதுன்னு அங்க போயி நின்னுக்கினாங்க. நான் வேற எங்க துப்பறது?” என்றான் ஏழுமலை. மரத்துப்போன வாயோடு கொட்டாங்குச்சியைத் திருப்பி நீட்டினேன்.

கரீம் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நா பாக்கல சாப். சொன்னதச் சொன்னேன். நீங்க வந்து விசாரிப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் துரையிடம் சொன்னேன். பட்டைத் தண்ணீர், நாக்கு, இருபது எண்ணிக்கை, கால்வாய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். கால்வாய் வரை வருவதற்குள், “புத்தகத்தில் உன் கையெழுத்துத்தானே, நாயுடு?” என்றார். ஆமாம் என்றேன். “தேங்க் யூ.” அந்த வியாபாரியின் சம்சாரத்துக்குத் தலைவலி வந்துவிட்டதாம். ஒரு தலைவலிக்கு ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? வெளியே வந்து என் டிக்‌ஷனரியை முதலிலிருந்து புரட்டினேன். கீழே உள்ளவனைத் திட்ட அதில் வண்டி வண்டியாக வார்த்தைகள். விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுகிற மேலதிகாரிக்கு ஒன்றும் அகப்படவில்லை. விசாரிக்காமல் எழுதிக் கொடுத்த ரைட்டருக்கும் அகப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை சீட்டு எழுத உட்கார்ந்தேன். பெயர், பகுதி, எத்தனை வருஷ வேலை. கடைசிக் கட்டத்தில் வார்த்தை. பேனா அங்கே போய் நின்றுவிட்டது. என் வேலை போனால் என்ன ஆகும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மூன்று குழந்தைகள் எனக்கு. பிறகு எழுதினேன். ஒரு வார்த்தை எழுத வேண்டிய கட்டத்தில் பொடிப் பொடி எழுத்தாக, ‘இவன் தன் வேலைப்படி பட்டைத் தண்ணீரை வாயில் வைத்திருந்ததால் விருந்தாளிக்குப் பதில் சொல்ல முடியவில்லை, தன் வேலைப்படி அதைத் துப்பினான்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன்.

துரை சிவப்புப் பென்சிலை எடுத்தார். பென்சில் அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது.

“வார்த்தை எங்கே, நாயுடு?”

“இல்லை, சார்.”

“ஐந்து இருக்கின்றன.”

“ஐந்தும் அவனுக்குப் பொருந்தவில்லை, சார்.”

“செவ்வாய்க்கிழமை பொருந்தியது.”

“செவ்வாய்க்கிழமை நான் நேரில் போகவில்லை. போகாமலே எழுதினேன். நீங்களும் ‘நேரில் போனாயா’ என்று என்னைக் கேட்கவில்லை. நீங்கள் யாரையும் எதையும் கேட்பதில்லை, சார்.” என் குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. “பதினோரு வருஷமாக என்னை நாயுடு என்று கூப்பிடுகிறீர்கள். என் பெயர் நாயுடு இல்லை.”

“தெரியும்” என்றார்.

தெரியாமல் சொல்கிறார் என்ற ஒரு சமாதானத்தில்தான் அத்தனை வருஷமும் ஓட்டியிருந்தேன். அவர் கடிகாரத்தை மூடினார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். வா என்றோ இரு என்றோ சொல்லாமல் வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் பட்டைக்குழிப் பக்கம் தனியாகப் போய் யாரும் பார்த்ததில்லை. வேலை அப்படியே நின்றுவிட்டது. கரீம் மேஸ்திரி தலைக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். சீட்டு வாங்கும்வரை வேலை செய்ய வேண்டும் என்பதால் ஏழுமலை மூன்றாவது குழியருகே இருந்தான். துரை கால்வாய் ஓரத்தில், சரியாக அந்த அம்மாள் நின்ற அதே காய்ந்த இடத்தில், பூட்சை வைத்து நின்றார். வேறு இடம்தான் இல்லையே.

“இந்தத் தண்ணி எப்படி?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். எனக்கு என்ன சைகை காட்டுவது என்று தெரியவில்லை. அவன் குனிந்து கொட்டாங்குச்சியில் மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டான். கண்ணை மூடினான்.

“எப்படி?” என்றார் துரை மறுபடியும்.

விரல் மேலே போயிற்று. துரையின் மூக்குக்கு நேரே அந்த விரல் நின்றது. இன்றைக்காவது அடக்கி வாசிப்பானோ என்று நினைத்திருந்தேன். இல்லை. எப்போதும்போலத்தான் செய்தான். துரை சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் திறந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் மூன்றாவது தடவை கேட்கவில்லை. முள்ளைப் பார்த்தபடி நின்றார். இருபது எண்ணுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஏழுமலை குனிந்து துப்பினான். பழுப்புத் தண்ணீர் துரையின் பூட்சுக்கு நாலு விரற்கடை தள்ளிக் கால்வாயில் விழுந்து ஓடியது.

“பட்ட கம்மி தொர. ரெண்டு கூட போடணும்” என்றான், நாக்கு தடுமாற.

“சரி” என்றார் துரை. திரும்பி நடந்துவிட்டார்.

ஆபீசில் உட்கார்ந்து சீட்டை நாலாகக் கிழித்தார். புத்தகத்தைத் திறந்து, என் அழகான இன்ஸொலன்டுக்குக் கீழே, தம் கையால், ‘திரும்பத் தரம் பார்த்தது. குட்’ என்று எழுதினார். முத்திரை தப்பாக விழுந்த தோலைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவந்தால் அப்படித்தான் எழுதுவது வழக்கம். மேல் வார்த்தையை அடிக்கவில்லை. முத்திரையை யாரும் அழிப்பதில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஓடிப்போய் ஏழுமலையிடம் சொன்னேன்.

“இப்ப எம்பேர்ல இன்னா எழுதிக்கீது?”

“குட்னு.”

“அப்டின்னா?”

“நல்லவன்னு அர்த்தம்.”

“அது எனக்குத் தெரியாதா? இதுக்கு எதுக்கு ரைட்டரய்யா ஒரு பொஸ்தகம்?” என்று சொல்லிவிட்டுப் பட்டைக் கூடையைத் தூக்கப் போய்விட்டான். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. எழுதினவனே நான்தானே, எதற்குச் சொல்ல வேண்டும்?

திரும்பி வந்தபோது துரை புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தார்.

“உன் பெயரை எப்படி எழுதுவது?” என்றார்.

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒரு எழுத்து தவறாமல் எழுதினார். ஜலகண்டேஸ்வரன். தலைகீழாக இருந்தாலும் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. பகுதி என்ற இடத்தில் ஆபீஸ் என்று போட்டார். அதற்குப் பக்கத்தில் இம்பர்டினன்ட் என்று எழுதி, சிவப்புக் கோடு போட்டார்.

திங்கட்கிழமை ஒரு நாள் வீட்டில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “குட் மார்னிங், நாயுடு” என்றார்.